பஜ்ஜிக் காகிதமும் சலவைக்கல் சுவரும்

பெயின்டர் பையிலிருந்து ஒரு கோழியிறகை எடுத்தபோது, காது குடையத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன். அவரோ அதைச் சாம்பல் நிறத்தில் தோய்த்து, சுவரின் மேல்மூலையில் வைத்து, கையை வேண்டுமென்றே நடுங்கவிட்டுக் குறுக்காக இழுத்தார். ஓடும் பஸ்ஸில் நின்றுகொண்டு கையெழுத்துப் போட்டதுபோல் ஒரு கோடு விழுந்தது. ஈரம் காய்வதற்குள் அகலமான மெல்லிய பிரஷ் ஒன்றால், குழந்தையின் தலையைத் தடவுவதுபோல, அதன்மேல் இரண்டு முறை தடவினார். கோட்டின் ஓரங்கள் கரைந்தன. அடுத்த நொடி அந்தக் கோடு சுவரின்மேல் இல்லை, ஒரு விரலாழம் உள்ளே இருந்தது.

நண்பர் வீட்டு வரவேற்பறை அது. மறுநாள் மாலைக்குள் ஒரு பக்கச் சுவர் முழுக்க மார்பிள் ஆகிவிட்டது. பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, “ஸ்லாப் எங்கே வாங்கினீங்க?” என்று கேட்டார். பெயின்டர் சிரித்துக்கொண்டே, “தொட்டுடாதீங்க, இன்னும் காயலை” என்றார்.

வார்னிஷையும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் அந்தப் பெயின்ட் ஒரு தபால் அட்டையின் கனம்தான் இருக்கும். அதற்குள் விரலாழம் எங்கிருந்து வந்தது? விடையைத் தேடிப் போக ஆய்வுக்கூடம் வேண்டாம், டீக்கடை போதும்.

பஜ்ஜியைச் செய்தித்தாளில் வைத்துத் தருவார்கள். தின்று முடித்ததும் காகிதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எண்ணெய் ஊறிய இடத்தில் மறுபக்கத்து எழுத்து தெரியும். எண்ணெய் காகிதத்தை மெலிதாக்கிவிடவில்லை. காகிதம் என்பது நார்களும் நார்களுக்கிடையே காற்றும். ஒளி காற்றிலிருந்து நாருக்கும் நாரிலிருந்து காற்றுக்கும் மாறும் ஒவ்வொரு எல்லையிலும் கொஞ்சம் தெறித்துத் திரும்புகிறது. ஆயிரக்கணக்கான எல்லைகளில் இப்படித் தெறித்த ஒளியைத்தான் காகிதத்தின் வெண்மையாகப் பார்க்கிறோம். காற்றின் ஒளிவிலகல் எண் 1, நாருக்கு ஏறத்தாழ 1.5, எண்ணெய்க்கு 1.47. காற்று இருந்த இடத்தில் எண்ணெய் புகுந்துவிட்டால், நாருக்கும் அதற்கும் ஒளியின் கணக்கில் வேறுபாடே இல்லை. எல்லைகள் அழிந்துபோகின்றன. ஒளி தடுமாறாமல் ஊடே போய்விடுகிறது.

பெயின்டர்களின் ரகசியம் முழுவதும் இந்த ஒரு கணக்கில் அடங்கிவிடும். சுண்ணாம்புக்கல் பொடியைத் தண்ணீரில் குழைத்து அடித்தால், காய்ந்ததும் பளிச்சென்று வெள்ளை. தண்ணீர் போன இடத்தில் காற்று வந்துவிடுகிறதே! அதே பொடியை ஆளிவிதை எண்ணெயில் பிசைந்தால் வெள்ளை தொலைந்து, ஜன்னல் கண்ணாடிக்கு அப்பும் மங்கிய பழுப்பு மக்குதான் கிடைக்கும். மாறாக, டைட்டானியம் டை ஆக்சைடு எதில் குழைத்தாலும் வெள்ளைதான். அதன் எண் 2.7, எந்த எண்ணெயாலும் பிசினாலும் அதை எட்டிப் பிடிக்க முடியாது. இன்று கடையில் விற்கும் வெள்ளைப் பெயின்டுகள் சுவரின் கறையை மறைப்பது அதனால்தான்.

நண்பர் வீட்டில் நடந்ததை இனி புரிந்துகொள்ளலாம். பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடித்து, அதன்மேல் மறைக்கும் தன்மையுள்ள வெள்ளை ஒரு பூச்சு. அது கீழே நின்று ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி மாதிரி. அதற்குமேல் ‘கிளேஸ்’ என்று அவர்கள் சொல்லும் பூச்சு: நிறமி மிகக் கொஞ்சம், ஊடுருவித் தெரியும் பிசின் மிக அதிகம். இதைக் காய்வதற்குள் ஸ்பாஞ்சால் ஒற்றி எடுக்கலாம், கசக்கிய பழந்துணியை உருட்டலாம், பிளாஸ்டிக் தாளை ஒட்டி உரிக்கலாம், சீப்பால் வாரலாம். கடைகளில் ஆளுக்கொரு பெயர் சொல்லி விற்கும் அலங்காரப் பூச்சுகளில் முக்கால்வாசி இந்த ஒற்றலும் உரித்தலும்தான். ஒளி கிளேஸைத் தாண்டி வெள்ளைவரை போய், மோதி, மறுபடியும் கிளேஸ் வழியாகவே வெளியே வருகிறது. ஒரே நிறத்தில் இரண்டு முறை தோய்ந்து வரும் அந்த ஒளிக்கு, மேலோடு தெறித்த ஒளிக்கு இல்லாத ஒரு கனிவு உண்டு.

கோடு உள்ளே இறங்கியது வேறு தந்திரம். உண்மைச் சலவைக்கல்லில் விழும் ஒளி மேற்பரப்பிலேயே நின்றுவிடுவதில்லை. படிகங்களுக்கிடையே சில மில்லிமீட்டர் அலைந்து திரிந்து, வேறெங்கோ ஓரிடத்தில் வெளியே வருகிறது. அதனால் கல்லுக்குள் இருக்கும் ரேகைக்குக் கூர்மையான ஓரம் கிடையாது. பிறந்ததிலிருந்து பாலையும் தோலையும் மெழுகையும் பார்த்துப் பழகிய நம் மூளைக்கு இது தெரியும். மேலே கூர்மையான பளபளப்பும் கீழே ஓரம் மங்கிய கோடும் ஒன்றாகத் தெரிந்தால், ‘இது ஆழத்தில் இருக்கிறது’ என்று அது தானாகவே தீர்ப்பெழுதிவிடும். பிரஷ்ஷால் தடவியது மங்கலுக்காக, கடைசியில் அடித்த வார்னிஷ் கூர்மைக்காக. சாட்சிகள் இரண்டும் பொய். ஆனால் ஒன்றுக்கொன்று முரண்படாத பொய்.

இந்தப் பொய்யைக் கலையாக வளர்த்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வண்ணக்காரர்கள். அவர்களில் தலையாயவர் தாமஸ் கெர்ஷா. சாதாரணப் பலகையில் ஓக், மேப்பிள், மஹோகனி என்று எந்த மரத்தையும், எந்த ஊர்ச் சலவைக்கல்லையும் வரைந்துவிடுவார். 1851-இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியிலும் 1855-இல் பாரிஸிலும் அவருக்குப் பரிசு கிடைத்தது. அவர் வரைந்த பலகைகளை லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் வைத்திருக்கிறது. பொய்க்கு மியூசியத்தில் இடம்! இந்தத் தொழிலின் கருவிகளும் பொருள்களும் தனி உலகம்: ஓரம் கரைக்க, பேட்ஜர் என்னும் விலங்கின் முடியில் செய்த பிரஷ், ரேகைக்கு வாத்திறகு, மரத்தின் வரிகளை எழுப்ப எஃகுச் சீப்பு, பழுப்பு நிறமியைக் குழைக்கப் புளித்துப்போன பீர். பீர் வேடிக்கைக்கு அல்ல. அதிலுள்ள சர்க்கரையும் புரதமும் காய்ந்ததும் நிறமியை இலேசாகப் பிடித்துக்கொள்ளும். பிடிக்கவில்லையென்றால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி வரையலாம். பிடித்துவிட்டால் வார்னிஷ் அடித்து நிரந்தரமாக்கலாம். வரைந்ததைத் திருத்திக்கொள்ளும் வசதி அந்த நாளிலேயே இருந்திருக்கிறது.

எல்லோரும் ரசித்தார்கள் என்று சொல்ல முடியாது. ஜான் ரஸ்கின் 1849-இல் எழுதிய ‘கட்டடக்கலையின் ஏழு விளக்குகள்’ நூலில், ஒரு பரப்பைத் தீட்டி வேறொரு பொருளாகக் காட்டுவதைக் கட்டட வஞ்சனைகளில் ஒன்றாக வைத்துக் கண்டித்தார். கெர்ஷாவின் பலகைகள் பரிசு வாங்கியது அதற்குப் பிறகுதான். ரஸ்கினை ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னான் மாளிகைக்கு அழைத்துப் போயிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. கல்லால் கட்டியதுபோல் கம்பீரமாக நிற்கும் அந்த வீட்டின் வெளிச்சுவர்கள் பைன் மரப் பலகைகள். ஓரங்களைச் செதுக்கிக் கல்வரிசை போலாக்கி, பெயின்ட் ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் மணலை வீசி ஒட்டவைத்திருக்கிறார்கள். பொய்யே சொல்லாதவர் என்று அமெரிக்கப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லப்படுகிற அதே வாஷிங்டனின் வீடுதான்.

சரி, கண் எப்போது விழித்துக்கொள்கிறது? ஒரே வடிவம் திரும்ப வரும்போது. ஒரு சுழி, இரண்டடி தள்ளி அதே சுழி என்றால் கல் கலைந்து பெயின்ட் தெரிந்துவிடும். காட்டில் இலைகளுக்கிடையே இரண்டு கண்களைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்த நம் முன்னோர்களிடமிருந்து வந்த சொத்து என்று இதை நினைக்கத் தோன்றுகிறது. ஒரே மாதிரியான இரண்டை நம் பார்வை விடவே விடாது. அதனால்தான் நல்ல பெயின்டர் ஸ்பாஞ்சை ஒவ்வொரு ஒற்றலுக்கும் திருப்பிப் பிடிக்கிறார். ரேகைகளுக்கும் அவர்களிடம் சட்டம் உண்டு: இரண்டு ரேகை இணையாக ஓடக்கூடாது, ஒரே கனத்தில் நெடுக வரக்கூடாது, கிளை பிரிந்தால் எங்கோ தேய்ந்து மறைய வேண்டும். கல்லின் வரலாறும் இதைத்தான் சொல்லும். சுண்ணாம்புக்கல் பூமிக்கடியில் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து மறுபடி படிகமானதே சலவைக்கல். அதில் கலந்திருந்த களிமண்ணும் இரும்பு ஆக்சைடும் கரியும் இழுபட்டு, மடிந்து, விரிசல்களில் புகுந்து நின்ற தடங்களே ரேகைகள். இறகு பிடித்த கையின் நடுக்கம், பல கோடி ஆண்டுகள் நடந்த ஒரு நசுங்கலை அரை நிமிடத்தில் நடித்துக் காட்டுகிறது.

பளபளப்பை மூளை எப்படிக் கணிக்கிறது என்பதிலும் ஒரு சண்டை நடந்திருக்கிறது. 2007-இல் மோட்டோயோஷி, ஏடெல்சன் முதலியோர் ‘நேச்சர்’ இதழில் ஓர் எளிய விடையைச் சொன்னார்கள்: படத்தில் பெரும்பகுதி இருண்டும், மிகச் சில புள்ளிகள் மட்டும் மிகப் பிரகாசமாகவும் இருந்தால் அந்தப் பரப்பு பளபளப்பாகத் தெரிகிறது. இரண்டு ஆண்டுகளில் ஆன்டர்சனும் கிம்மும் மறுத்தார்கள். அந்தப் பிரகாசப் புள்ளிகளை இடம் மாற்றிப் போட்டால் எண்ணிக்கை மாறாது, ஆனால் பளபளப்பு போய் வெறும் வெள்ளைக் கறையாகிவிடும் என்றார்கள். என் ஓட்டு பின்னவர்களுக்கே. எந்தப் பெயின்டரைக் கேட்டாலும், ஜன்னல் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் பளபளப்பை வரையக்கூடாது என்றுதான் சொல்வார்.

இதுவரை சொன்னதெல்லாம் கண்ணோடு ஆடும் ஆட்டம். கையோடு ஆடும் ஆட்டம் இதைவிடப் பழையது.

கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை புதைத்த பொம்பெயியிலும் ஹெர்குலேனியத்திலும் வீட்டுச் சுவர்களில் நான்கு பாணிகள் அடுத்தடுத்து வந்ததை ஆகஸ்ட் மாவ் 1882-இல் வகுத்துக் காட்டினார். அவற்றில் முதல் பாணி, கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, முழுக்க முழுக்கப் போலிச் சலவைக்கல். அப்போது நிறக்கற்கள் தொலைவிலிருந்து கப்பலேறி வரவேண்டும், விலை அப்படி. அதனால் சுவரில் சுதையைப் புடைப்பாகப் பூசி, கற்பலகை அடுக்கியதுபோல் கோடு கிழித்து, ஒவ்வொரு பலகைக்கும் ஒவ்வொரு கல்லின் நிறம் தீட்டினார்கள். ஹெர்குலேனியத்தின் சாம்னைட் வீட்டு வாசலில் இன்றும் அதைப் பார்க்கலாம். கட்டடக்காரர் விட்ருவியஸ் தரும் செய்முறை நம்மை மலைக்கவைக்கும்: மணல் கலந்த சுண்ணாம்பு மூன்று பூச்சு, அதன்மேல் சலவைக்கல் பொடி கலந்த சுண்ணாம்பு மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் முந்தையதைவிட நைசாக. அப்படிப் பூசிய பழைய சுவர்களிலிருந்து பலகை பலகையாக அறுத்தெடுத்துப் பயன்படுத்தியவர்களும் இருந்தார்கள் என்று அவர் எழுதுகிறார். பூச்சை அறுத்துப் பலகையாக்குவதா? அது கல்லாக மாறியிருந்தால்தானே முடியும்?

மாறித்தான் இருந்தது. இதற்கு நாம் பொம்பெயி போகவேண்டாம், காரைக்குடிக்குப் போகலாம்.

செட்டிநாட்டு வீடுகளின் சுவரில் உள்ளங்கையை வைத்தவர்களுக்கு அந்த வழவழப்பு மறக்காது. கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு, நீற்றி, புளிக்கவைத்து, அரைத்து, கடுக்காய் ஊறல், வெல்லம், கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு என்று சேர்த்து, கொத்தனார்கள் பூசிப் பூசித் தேய்த்து உண்டாக்கியது. கிளிஞ்சலும் கால்சியம் கார்பனேட், சலவைக்கல்லும் கால்சியம் கார்பனேட். காளவாயில் ஏறத்தாழ 900 டிகிரி சூட்டில் 100 கிராம் கிளிஞ்சலிலிருந்து 44 கிராம் கரியமில வாயு வெளியேறி, 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பூத்து 74 கிராம் நீற்றுச் சுண்ணாம்பு ஆகும். சுவரில் பூசியபின் அது காற்றிலிருந்து 44 கிராம் கரியமில வாயுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு, 18 கிராம் தண்ணீரை விட்டு, மறுபடி 100 கிராம் கால்சியம் கார்பனேட் ஆகிறது. காளவாயில் இழந்ததைக் கிராம் பிசகாமல் காற்றிடமிருந்து வசூலித்துவிடுகிறது. உலர உலரக் கனம் கூடும் பொருள்கள் வேறு எத்தனை உண்டு என்று தெரியவில்லை; ஈரத்துணி எதிர்த்திசையில்தான் போகும்.

வசூல் மெதுவாகத்தான் நடக்கும். காற்றில் கரியமில வாயு பத்தாயிரத்தில் நான்கு பங்குதான். முற்றிலும் காய்ந்த சுவரில் இந்த வேலை நடக்காது, தண்ணீர் சொட்டும் சுவரிலும் நடக்காது. தண்ணீருக்குள் அந்த வாயு நகரும் வேகம், காற்றில் நகர்வதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். இலேசான ஈரம் வேண்டும். மேலே கல்லான பகுதி கதவுபோல் நின்று வாயுவைத் தடுப்பதால், முதல் மில்லிமீட்டருக்கு ஆன நாளைப்போல் நான்கு மடங்கு நாள் இரண்டு மில்லிமீட்டருக்கு ஆகும், மூன்றுக்கு ஒன்பது மடங்கு.

எவ்வளவு ஆழம் கல்லாகியிருக்கிறது என்று பார்க்க, பொறியாளர்கள் ஃபினால்ஃப்தலீன் தெளிப்பார்கள். நம் வீட்டில் அதற்கு மஞ்சள் இருக்கிறது. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கலந்ததும் சிவக்கிறதே, அதே வினை. பூச்சை உடைத்து, உடைந்த முகத்தில் மஞ்சள் நீரைத் தெளித்தால், இன்னும் சுண்ணாம்பாகவே இருக்கும் உட்பகுதி சிவக்கும். கல்லாகிவிட்ட மேற்பகுதி மஞ்சளாகவே நிற்கும். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே தெரியும் கோடுதான் கல் வந்து நிற்கும் இடம்.

வழவழப்பு மட்டும் தானாக வராது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். பரப்பின் மேடுபள்ளம் அதைவிடப் பெரிதாக இருந்தால் ஒளி நாலாபக்கமும் சிதறும், சுவர் மங்கலாக இருக்கும். அதைவிட மிகச் சிறிதாக்கினால் ஒளி ஒரே பக்கம் திரும்பும், சுவரில் முகம் தெரியத் தொடங்கும். கொத்தனார் கரணையாலும் கூழாங்கல்லாலும் மணிக்கணக்கில் தேய்ப்பது இந்த நானோமீட்டர்களுக்காக. நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்கடியில் நெடுநாள் ஊறவைப்பதும் அதற்காகவே. ஊற ஊற அதன் படிகங்கள் தடித்த பட்டைகளிலிருந்து மெல்லிய தகடுகளாக மாறுகின்றன, தேய்க்கும்போது சீட்டுக்கட்டைச் சரித்ததுபோல் படுத்துக்கொள்கின்றன. மூன்று ஆண்டு ஆகாத சுண்ணாம்பைப் பயன்படுத்தக்கூடாதென்று பழைய விதி இருந்ததாக ரோமானியர் பிளினி எழுதினார். எலக்ட்ரான் நுண்ணோக்கி இல்லாமல் அவர்களும் நம் கொத்தனார்களும் இதைக் கையாலேயே கண்டுகொண்டார்கள். வெல்லத்துக்கும் காரணம் உண்டு: சர்க்கரை கரைந்த தண்ணீரில் சுண்ணாம்பு வெறும் தண்ணீரைவிடப் பல மடங்கு கரையும். மொராக்கோவில் ‘டடெலாக்ட்’ என்னும் குளியலறைப் பூச்சில் கல்லால் தேய்த்தபின் ஆலிவ் எண்ணெய்ச் சோப்பைத் தடவுவார்கள். சோப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து தண்ணீரில் கரையாத சோப்பாகித் துளைகளை அடைக்கிறது. உப்புத்தண்ணீர்க் குழாயடியில் குளித்தவர்கள், வாளியில் ஒட்டும் அந்த வெள்ளைக் கசடைப் பார்த்திருப்பார்கள். அதற்கு அங்கே நல்ல உத்தியோகம்.

1780 முதல் 1783 வரை இந்தியாவில் சுற்றிய ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸ் மதராசின் வெள்ளைக் கட்டடங்களைப் பார்த்துப் பழைய கிரேக்க நகரத்தை நினைத்துக்கொண்டார். அவர் கண்டது செங்கல்லின்மேல் பூசிய கிளிஞ்சல் சுண்ணாம்பு. நம் சுண்ணம் ‘சுனாம்’ ஆகி ஆங்கில அகராதியிலும் ஏறியிருக்கிறது. ஹாட்ஜஸ் ஏமாந்தார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மேலே சில மில்லிமீட்டருக்கு அந்தச் சுவர், கிரேக்கக் கோயிலின் தூணும் எதனால் ஆனதோ அதே பொருள்.

நண்பர் வீட்டுச் சுவருக்கு வருகிறேன். பெயின்டர் கடைசி வார்னிஷை அடிக்குமுன் என்ன பளபளப்பு வேண்டும் என்று கேட்டார். முழுப் பளபளப்பும் வேண்டாம், மங்கலும் வேண்டாம் என்றார் நண்பர். “அப்போ எக்‌ஷெல் ஃபினிஷ் சார்” என்றார் பெயின்டர். முட்டையோட்டுப் பளபளப்பு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செட்டிநாட்டில் கூடை கூடையாக முட்டை உடைத்தபோது வெள்ளைக்கரு சுவருக்குப் போனது, மஞ்சள்கரு எங்கோ அடுப்பங்கரைக்குப் போயிருக்கும், ஓடு குப்பைக்குப் போனது. அந்த ஓட்டில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கால்சியம் கார்பனேட்.